யாரும் சொல்லலையே மேம்

பி.எட். சேர வரும் பிள்ளையிடம், "நீ எடுக்கிற இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு எந்த வகுப்புக்கு, எந்தப் பதவிக்குப் போக முடியும், தெரியுமா?" என்று சேர்க்கை நாளில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் அப்படிக் கேட்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. அன்றைக்குக் கேட்டதெல்லாம் டி.சி., சாதிச் சான்று, மார்க் ஷீட் ஜெராக்ஸ், முதல் தவணைப் பணம். பிறகு ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "மேஜர் என்ன? தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" இவ்வளவுதான். ஆபீஸ் ரூமில் நின்றபடி, பின்னால் வரிசை நெருக்க, இரண்டு நிமிடத்தில் சொன்ன பதில் வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வருவார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. பள்ளியில் இருந்து பழக வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஏறத்தாழ நான்கு மாதம் ஒரே ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்காரும்போது, லெஸன் பிளான் பேச்செல்லாம் முடிந்த பிறகு, மெதுவாக வந்து விழும் அந்தக் கேள்வி: "மேம், எனக்கு டி.ஆர்.பி. எழுத முடியுமா?" ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுப் பள்ளி வேலைக்கு நடத்தும் தேர்வைத்தான் டி.ஆர்.பி. என்கிறார்கள். படிப்பு முடிய மூன்று மாதம் இருக்கும்போது வரும் கேள்வியா அது? சேரும் முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அல்லவா?

நுண்ணுயிரியல் படித்த ஒரு பெண் வந்திருந்தாள். வகுப்பில் அவள் நின்றால் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். தயிர் உறைவதை வைத்து பாக்டீரியா பாடம் எடுத்தாள். எட்டாம் வகுப்புக் குழந்தைகள் மறுநாள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் தூக்கி வந்துவிட்டார்கள். அப்படி ஒரு டீச்சர். ஆனால் அரசுப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற பெயர்களில்தான் நிரப்பப்படுகிறது. நுண்ணுயிரியல் என்று ஒரு பணியிடம் கிடையாது. அவளுடைய பட்டம் இந்த நான்கில் ஒன்றுக்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருந்தால்தான் வழி. இந்த இணைத்தன்மை அரசாணைகளும் ஒரு பல்கலைக்கழகத்தின் இன்ன பட்டம் என்று பெயர் குறித்தே வருகின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு ஆணை இருக்கும். பக்கத்து மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் வாங்கிய பட்டத்துக்கு இருக்காது. அப்படி ஓர் ஆணை உண்டு, அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற செய்தியையே அவள் முதன்முதலில் எங்கள் ஸ்டாஃப் ரூமில்தான் கேட்டாள். "காலேஜ்ல யாரும் சொல்லலையே மேம். பயாலஜி பெடகாஜி எடுத்துக்கோன்னாங்க, எடுத்துட்டேன்."

இதில் அவள் செய்த தவறு என்ன? கல்லூரி இடம் கொடுத்தது, பல்கலைக்கழகம் பதிவு எண் கொடுத்தது, என்.சி.டி.இ. அங்கீகாரம் கொடுத்தது. மூன்று பேரும் வாங்கிக்கொண்ட பிறகு, நாலாவதாக வேலை கொடுக்கும் இடம், "உன் பட்டத்துக்கு ஆணை எங்கே?" என்கிறது. அதுவும் எப்போது கேட்கிறது? தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விரல் ஒவ்வொரு திசையிலும் நீள்கிறது. பி.எட். கல்லூரிகளை இணைத்து வைத்திருப்பது 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். அது உயர்கல்வித் துறையின் கீழ் வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியமும் பள்ளிகளும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ். படிப்பின் விதியை எழுதுவது டெல்லியில் இருக்கும் என்.சி.டி.இ. இளங்கலைப் பட்டத்துக்குப் பெயர் வைப்பதோ வேறொரு பல்கலைக்கழகம். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. அவரவர் இணையதளத்தில் அவரவர் பி.டி.எஃப். கிடக்கிறது. இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் படித்து, "அம்மா, உன் கணக்குக்கு இது சரி வரும், இது வராது" என்று சொல்லும் ஓர் ஆள் மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுதோறும் சேரும் ஒரு படிப்புக்கு இப்படி ஓர் இருக்கை இல்லை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அந்த இருக்கை காலியாக இருப்பதால் அங்கே வேறு யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையில் ஆலோசனை சொல்வது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரௌசிங் சென்டர்க்காரர்தான். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று அவர்தான் முடிவு செய்கிறார். "அக்கா, இதுல மீடியம்னு கேக்குது, இங்கிலீஷ்னு போட்டுறவா?" என்கிறார், தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பின்னால் பத்து பேர் நிற்க, தனக்குத் தெரிந்த உதவியைச் செய்கிறார். அவருக்கு அடுத்து சீனியர் அக்கா, யூடியூப்பில் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு வகுப்பு எடுப்பவர், டெலிகிராம் குரூப்பில் பெயர் தெரியாத ஒருவர் போடும் வாய்ஸ் மெசேஜ். பல்கலைக்கழகத்தின் கடமையை இத்தனை பேர் தலையில் எடுத்துப் போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது தப்பாகப் போனால் கேட்க ஆளில்லை.

அந்த மீடியம் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித்தகுதி வரை எல்லாமே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். நல்ல சட்டம். கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குக் கிடைத்த பெரிய பிடிமானம். ஆசிரியர் வேலைக்கு பி.எட். என்பதும் கல்வித்தகுதியில் சேர்ந்தது என்பதால், பி.எட். விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தில் ஆங்கிலம் என்று விழுந்தால், அதற்கு முன் பதினைந்து ஆண்டு தமிழ்வழியில் படித்ததெல்லாம் அந்த முன்னுரிமைக்கு உதவாமல் போகும். எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. வகுப்பில் அவன் கேட்டது தமிழ், ரெக்கார்டு எழுதியது தமிழ், பரீட்சை எழுதியதும் தமிழ். பதிவேட்டில் மட்டும் ஆங்கிலவழி. கல்லூரியில் போய்க் கேட்டால், "அட்மிஷன் அப்பவே சொல்லியிருக்கணும்ப்பா" என்கிறார்கள். எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அவன் அப்பா கொத்தனார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவன். 2020 திருத்தச் சட்டத்தை வீட்டில் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்?

இன்னொன்று, பி.காம். படித்தவர்கள் கதை. "டீச்சராகணும்" என்ற ஆசையோடு மூன்று ஆண்டு பி.காம். முடித்துவிட்டு பி.எட். விண்ணப்பிக்கப் போவார்கள். அங்கே போன பிறகுதான் தெரியும், வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலைப் பட்டம் இருந்தால்தான் பி.எட்.டில் இடம் என்று. காரணம் நியாயமானதுதான். பத்தாம் வகுப்பு வரை நம் பள்ளிகளில் வணிகவியல் என்று தனிப் பாடம் இல்லை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும்தான் அது வருகிறது, அங்கே பாடம் எடுப்பவர் முதுகலை ஆசிரியர். எனவே எம்.காம். வேண்டும். அரை நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய விஷயம். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுக்கும் நாளிலேயே சொல்லியிருக்கலாம், பி.காம். முதலாண்டில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் எத்தனையோ பெண்களுக்கு எம்.காம். படிக்க வேண்டிய இரண்டு ஆண்டு கிடைக்காமலே போகிறது. "இன்னும் ரெண்டு வருஷமா? போதும், மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று வீட்டில் கதை முடிந்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஆரம்பத்திலேயே, "அப்பா, நான் எம்.காம்., பி.எட். வரைக்கும் படிக்கணும், ஏழு வருஷம் ஆகும்" என்று பேசி வைத்திருப்பாள். நடுவழியில் சொன்னால் அது வாக்குத் தவறியது போல் ஆகிவிடுகிறது.

கிராஸ் மேஜர் பிரச்சினையும் இதே வகைதான். கணிதத்தில் பட்டம் வாங்கி, அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, "டபுள் டிகிரி இருக்கு மேம், பி.ஜி. டி.ஆர்.பி. இங்கிலீஷ் எழுதலாம்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம், அல்லது இணை என்று ஏற்கப்பட்ட பாடம் இருக்க வேண்டும். அந்த எம்.ஏ.வுக்குச் செலவழித்த பணமும் ராத்திரிகளும் அந்த வேலைக்கு உதவாது. பணத்தை வாங்கிக்கொண்டு சேர்த்த பல்கலைக்கழகம் விண்ணப்பத்தில் இதை ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதும்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக மனசு வேகிறது சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டு பி.எட். படித்த பெண்களை நினைத்துத்தான். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கவே பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு வாரம் பார்த்தாலே நமக்குத் தெரிந்துவிடும். அதற்கான படிப்பு பிளஸ் டூ முடித்துச் சேரும் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம். நம் ஊரில் டீச்சர் ட்ரெயினிங் என்போமே, அது. ஒன்று முதல் ஐந்து வரைக்கு டெட் முதல் தாள், ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள் என்பது ஏற்பாடு. நடுவில் 2018 ஜூனில் என்.சி.டி.இ. ஓர் அறிவிக்கை விட்டு, பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாத ப்ரிட்ஜ் கோர்ஸ் முடித்தால் போதும் என்றது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுத் தருவது தனிப் பயிற்சி வேண்டிய வேலை என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆசிரியையாக அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பி.எட். சேர்ந்த எத்தனை பெண்களிடம், "உனக்கு எந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசை?" என்று கல்லூரியில் கேட்டார்கள்? நாடு முழுக்கச் செய்தியான தீர்ப்பு சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரியாகக்கூட இறங்கி வரவில்லை.

பொறியியல் முடித்தவர்களும் இந்த இடைவெளியில் மாட்டியிருக்கிறார்கள். 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் அவர்களும் பி.எட். படிக்கலாம் என்று 2014 விதிமுறை கதவைத் திறந்தது. படித்து முடித்தவர்கள் டெட் எழுதி நடுநிலை வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகலாம் என்ற தெளிவு நம் மாநிலத்தில் 2019 கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் எதை நம்பிக் காத்திருந்தார்கள்?

கல்லூரிகளில் ஆலோசனை ஏற்பாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. காகிதத்தில் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் குழு மதிப்பீட்டுக்கு வந்தால் மென்டர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கைக் கேட்கும். அதற்காக ஒரு ஃபைல் இருக்கும். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தால் அட்டெண்டன்ஸ், ஃபீஸ் பாக்கி, வீட்டு முகவரி. பாடத் தேர்வு, வேலைத் தகுதி, அடுத்து என்ன படிப்பது, இதைப் பற்றி ஒரு பக்கம் கிடையாது. பாடத்திட்டத்தில் விருப்பப் பாடங்கள் நான்கைந்து அச்சாகியிருக்கும். அதை நடத்த ஆள் இருக்கிற ஒரு பாடத்தை எல்லோரும் 'விரும்பி' எடுத்ததாகப் பதிவாகும். வருகை விதிகூட அப்படித்தான். வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு என்று விதி சொல்கிறது. கைக்குழந்தையோடு சேரும் பெண்ணிடம் இதை முதல் நாளே எடுத்துச் சொல்லித் திட்டமிட உதவ வேண்டாமா? பரீட்சைக்கு முன் ஹால் டிக்கெட் கொடுக்கும் நேரத்தில்தான் சொல்வார்கள்.

பி.எட். கல்லூரி விரிவுரையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியார் கல்லூரிகளில் அவர்கள் வாங்கும் சம்பளம் எனக்குத் தெரியும். இந்த ஆண்டு இருப்பவர் அடுத்த ஆண்டு இருப்பதில்லை. அவர்களுக்கே அரசாணைகளைத் தேடித் தொகுத்துத் தர யாரும் இல்லை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உள்ள பி.எட். இடங்கள் மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் ஏறத்தாழ இரண்டாயிரம்தான். மற்றவர்கள் எல்லாரும் நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அங்கே இடம் நிரம்புவதுதான் நிர்வாகத்தின் கவலை. "உனக்கு இந்தப் படிப்பு உதவாது" என்று சொல்லி ஒரு மாணவியைத் திருப்பி அனுப்ப அந்தக் கல்லூரியால் முடியுமா? முடியாது. அதனால்தான் இந்த வேலையைக் கல்லூரியிடம் விட்டுவைக்கக் கூடாது, பல்கலைக்கழகமே எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. ஒரே ஒரு அட்டவணை போதும். இளங்கலையில் இந்தப் பட்டம், இந்தப் பல்கலைக்கழகம் என்றால் பி.எட்.டில் எந்தப் பாடம். அதை வைத்து டெட்டில் எந்தத் தாள். எந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இணைத்தன்மை அரசாணை வேண்டுமா, அதன் எண் என்ன. ஆணை இல்லையென்றால் யாரிடம், எப்போது கேட்க வேண்டும். தேர்வு அறிவிக்கை வெளியான பிறகு வரும் ஆணை செல்லாது என்ற நிபந்தனை பலரைக் கவிழ்த்திருப்பதால் அந்த 'எப்போது' மிக முக்கியம். பல்கலைக்கழகமும் ஆசிரியர் தேர்வு வாரியமும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் இதைத் தயாரித்துவிடலாம். ஒவ்வொரு சேர்க்கைக்கு முன்னும் திருத்தி, தமிழில், விண்ணப்பத்தோடு சேர்த்து அச்சடிக்க வேண்டும். சேரும் அன்று மாணவியும் கல்லூரி ஆலோசகரும் அதில் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் நாளைக்கு "நீ முன்னாடியே கேட்டிருக்கணும்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மீடியம் கட்டத்தின் கீழே, இந்தப் பதில் தமிழ்வழி முன்னுரிமையைப் பாதிக்கும் என்று ஒரு வரி வேண்டும். பல்கலைக்கழகத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஆலோசகர், அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் எழுதியிருக்க வேண்டும். ப்ரௌசிங் சென்டர்க்காரருக்கும் அந்த எண் தெரிந்திருந்தால் அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

இப்போது இது இன்னும் அவசரமாகியிருக்கிறது. பிளஸ் டூ முடித்து நேராகச் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பு வந்துவிட்டது. தேசிய நுழைவுத் தேர்வு எழுதி அதில் சேர வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. அதாவது, முடிவெடுக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினேழுக்கு இறங்கிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையிடம், "இந்தப் படிவத்தை நீயே பார்த்து நிரப்பிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போக யாருக்கும் உரிமை கிடையாது.

அதுவரைக்கும், பி.எட். சேர இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் நேராக ஒன்று சொல்கிறேன். பணம் கட்டும் முன், ஆசிரியர் தேர்வு வாரியம் கடைசியாக வெளியிட்ட அறிவிக்கையை இறக்கி, கல்வித்தகுதிப் பக்கத்தைப் பிரிண்ட் எடுங்கள். உங்கள் பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அதோடு ஒப்பிடுங்கள். ஒரு சொல் வேறாக இருந்தாலும் இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மீடியம் கட்டத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் டி.ஆர்.பி. எழுதி வேலைக்கு வந்த ஓர் ஆசிரியர் கட்டாயம் இருப்பார். போய்க் கேளுங்கள், சொல்வார். எழுத்தில் பதில் தர மறுக்கும் கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.